டிப்ஸ் தராத ஆலோசகர்

1992 ஏப்ரல். ஹர்ஷத் மேத்தா தொட்டதெல்லாம் பொன்னாகும் என்று நம்பிய குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் சேமிப்பை எல்லாம் பங்குகளில் கொட்டிய நேரம். சென்செக்ஸ் 4,400-ஐத் தாண்டியிருந்தது. 23-ஆம் தேதி டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஒரு செய்தி: ஸ்டேட் வங்கியில் 500 கோடி ரூபாய் கணக்கு உதைக்கிறது. எழுதியவர் சுசேதா தலால். சந்தையை ஏற்றிவிட்டது வங்கிகளின் பணம் என்பது அம்பலமானது. ஓராண்டில் சென்செக்ஸ் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. கடைசியில் நுழைந்த சிறு முதலீட்டாளர்களுக்குத்தான் பலத்த அடி.

தலாலுக்கு 2006-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கணவர் தேபாஷிஸ் பாசுவுடன் 2010-இல் தொடங்கிய மணிலைஃப் ஃபவுண்டேஷன் சேமிப்பு, காப்பீடு, உயில் என்று மும்பையில் இலவச வகுப்புகள் நடத்தியது. எதை வாங்கலாம் என்பதைவிட எதில் ஏமாறக் கூடாது என்பதே அங்கே முக்கியப் பாடம்.

அவசியமான பாடம்தான். ஓய்வுபெற்றவரின் பணம் கணக்கில் விழுந்ததும் வங்கியில் உபசாரம் பலமாகிறது. "டெபாசிட் மாதிரிதான் சார்" என்று காப்பீட்டுப் பாலிசியைத் தலையில் கட்டுகிறார்கள். தலால் பல ஆண்டுகளாகச் சாடிவரும் விற்பனை இது. பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. விற்றவர் அதைச் சொல்வதில்லை. ஆகவே கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் உங்களுக்கு எவ்வளவு கமிஷன்?