திமிங்கிலத்தைப் பார்க்க நடந்தே போகலாம்!



தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில் ஹெர்மானஸ் என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே திமிங்கிலங்கள் வரும். அதைப் பார்க்கப் பல நாட்டு மக்கள் கூடுவார்கள். திமிங்கிலம் வந்தால் ஊதிச் சொல்வதற்கென்றே ஒரு ஆள் உண்டு. நம்ம ஊர் தண்டோரா மாதிரிதான்! கெல்ப் என்னும் பெரிய கடற்பாசியின் காய்ந்த தண்டுதான் அவர் கொம்பு. 1992-இல் இந்த வழக்கம் தொடங்கியது.

அங்கே பாறை ஓரமாகவே சுமார் 12 கிலோமீட்டர் நடைபாதை போகிறது. டிக்கெட் கிடையாது. சில நேரம் கூப்பிடு தூரத்திலேயே திமிங்கிலம் தெரியும். கிட்டத்தட்ட 15 மீட்டர் நீளம்! படகிலும் கூட்டிப் போகிறார்கள். "படகில் போய்க் கிட்டப் பார்த்தால்தானே த்ரில்?" என்று என் வகுப்பிலேயே கேட்கிறார்கள். நடந்து பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

ஏன் தெரியுமா? அந்தத் திமிங்கிலங்கள் வேடிக்கை காட்ட வரவில்லை. தென்கோடிக் குளிர்க்கடலில் இரை தின்றுவிட்டு, குட்டி போடத்தான் இந்த அமைதியான விரிகுடாவுக்கு வருகின்றன. இங்கே இருக்கும் நாட்களில் தாய் பெரும்பாலும் சாப்பிடுவதே இல்லை. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்துதான் குட்டிக்குப் பால். படகு துரத்தினால் அந்தத் தெம்பும் வீணாகும். பிள்ளை பெத்த வீட்டுக்குப் போனால் நாம் சத்தம் போடாமல், வாசலில் நின்றுதானே எட்டிப் பார்ப்போம்? கடலுக்கும் அதே மரியாதை வேண்டாமா?

இதன் பெயர் 'சதர்ன் ரைட்' திமிங்கிலம். 'ரைட்' என்றால் கொல்வதற்குச் 'சரியானது' என்று அர்த்தமாம்! மெதுவாக நீந்தும், கரைக்கு அருகில் வரும், செத்தாலும் மிதக்கும். அதனால் வேட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். 1935-இல்தான் சர்வதேசப் பாதுகாப்பு கிடைத்தது. அதற்குப் பிறகும் திருட்டு வேட்டை நடந்தது. அவ்வளவு பட்ட பிறகும் அது மனிதன் நிற்கும் கரைக்கே வருகிறது. அந்த நம்பிக்கையை நாம் கெடுக்கலாமா?

"படகுக்காரருக்கும் பிழைப்பு வேணுமே" என்பதும் நியாயம்தான். அனுமதி இல்லாத படகு 300 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. அனுமதி உள்ள படகுகளும் குட்டியோடு இருக்கும் தாயை விட்டு விலகியே போகட்டும். நடந்து வருகிறவர்களும் அந்த ஊரில்தானே தங்கிச் சாப்பிடுகிறார்கள்? ஊருக்கு வருமானம் குறையாது.

இன்னொன்றும் சொல்கிறேன். படகுக்குக் காசு உள்ளவர்தான் ஏற முடியும். பாதையில் யாரும் நடக்கலாம். கடல் எல்லாருக்கும் பொது என்றால் இதுதானே!

பெரியவர்களாகி நம்மில் யாராவது அங்கே போனால், பாறை மேல் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருங்கள். வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அது அதன் இஷ்டம்!

உங்கள் கருத்தையும் அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி