கணினி விளையாட்டுக்குப் பூட்டு: தண்டனை கள்வனுக்கா, காசு கொடுத்தவருக்கா?

ஒரு பெரிய கணினி விளையாட்டை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் மூன்று, நான்கு வருடங்கள் உழைக்கின்றனர். வெளியான மறுநாளே அது திருட்டுப் பிரதியாக இணையத்தில் இலவசமாகக் கிடைத்தால், அந்த உழைப்புக்கு யார் கூலி கொடுப்பது? இந்த அச்சத்தினால்தான் விளையாட்டுக் கம்பனிகள், பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டுக்களைத் தமது மென்பொருளுக்குள் வைக்கின்றன. அச்சம் நியாயமானது. ஆனால் அந்தப் பூட்டு உண்மையில் வேலை செய்கிறதா, அதற்கான விலையைக் கொடுப்பது யார் என்பதையும் நாம் கேட்க வேண்டியுள்ளது.

2008 செப்டெம்பரில் இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 'ஸ்போர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. காசு கொடுத்து வாங்கியவர் அதனை மூன்று தடவைகள் மாத்திரமே செயற்படுத்தலாம் என நிபந்தனை விதிக்கப்பட்டது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்து அமேசன் தளத்தில் ஆயிரக்கணக்கில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்களைக் குவித்தனர். பூட்டு உடைக்கப்பட்ட பிரதியோ வெளியீட்டுக்கு முன்னரே இணையத்தில் உலாவியது. திருட்டுப் பதிவிறக்கங்களைக் கணக்கிடும் டொரன்ட்ஃபிரீக் இணையத்தளத்தின் தகவல்படி, அவ்வருடம் சுமார் 17 இலட்சம் பதிவிறக்கங்களுடன் 'ஸ்போர்' முதலிடம் பிடித்தது. களவாக எடுத்தவருக்கு எந்த வரம்பும் இருக்கவில்லை. வரம்பு முழுவதும் பணம் கொடுத்தவருக்கே.

அடுத்து வந்தது இணைய இணைப்பு இல்லாமல் விளையாடவே முடியாது என்ற முறை. 2010 மார்ச்சில் யுபிசொஃப்ட் நிறுவனத்தின் சேர்வர்கள் தாக்கப்பட்டபோது, 'அசாசின்ஸ் கிரீட் 2' விளையாட்டை வாங்கிய பலர் தனியாகக்கூட விளையாட முடியாமல் தவித்தனர். 2013இல் 'சிம்சிட்டி' வெளியான வாரமே சேர்வர்கள் திணறின. இணையம் இல்லாமல் இந்த விளையாட்டு இயங்காது என்று சாதித்த அதே கம்பனி, ஒரு வருடத்தின் பின்னர் இணையமின்றி விளையாடும் வசதியைக் கொடுத்தது. 2021இல் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' விடயத்தில் நிலைமை இன்னும் மோசம். பூட்டு உடைக்கப்பட்ட திருட்டுப் பிரதி தடங்கலின்றி ஓடியது. காசு கொடுத்து வாங்கிய பிரதி திக்கித் திணறியது. கெப்கொம் நிறுவனம் பிறகுதான் அதனைச் சரிசெய்தது.

அப்படியானால் பூட்டுக்களால் பயனே இல்லையா? அவ்வாறும் கூறிவிட முடியாது. இன்று அதிகம் பயன்படும் பூட்டு ஒஸ்திரியாவில் உருவான 'டெனுவோ'. அது பயன்படுத்தப்பட்ட 86 விளையாட்டுக்களை ஆராய்ந்த வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் கட்டுரை 2024இல் வெளியானது. வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைக்கப்பட்டால் வருமானத்தில் சராசரியாக 20 சதவீதம் இழக்கப்படுகிறது என்கிறது அவ்வாய்வு. அது சிறிய தொகையல்ல. பல ஊழியர்களின் சம்பளம். ஆனால் 12 வாரங்களின் பின்னர் உடைக்கப்பட்டால் இழப்பு ஏறக்குறைய இல்லை.

இந்தக் கணக்கு விவாதத்தைத் தெளிவாக்கி விடுகிறது. பூட்டின் பயன் முதல் மூன்று மாதங்களோடு முடிகிறது. அதன் பாரமோ, அதனை வாங்கியவர் விளையாடும் காலம் முழுவதும் தொடர்கிறது. இதனை உணர்ந்து சில கம்பனிகள் சில மாதங்களில் பூட்டைத் தாமாகவே அகற்றுகின்றன. 2016 மே மாதம் வெளியான 'டூம்' விளையாட்டிலிருந்து அதே வருடம் டிசம்பரில் டெனுவோ நீக்கப்பட்டது. போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 2015இல் 'விட்சர் 3' விளையாட்டின் கணினிப் பதிப்பைத் தனது தளத்தில் எந்தப் பூட்டும் இன்றியே விற்றது. எல்லாச் சாதனங்களிலும் சேர்த்து அதன் விற்பனை 50 மில்லியனைத் தாண்டியுள்ளது. தரமான எல்லா விளையாட்டுக்களுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாவிட்டாலும், பூட்டில்லாவிட்டால் வியாபாரமே இல்லை என்ற வாதம் இதனால் பலவீனமடைகிறது.

எமது நாட்டு வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. 70 டொலர் விளையாட்டு ஒன்று, டொலர் 300 ரூபா என்று பார்த்தாலே 21,000 ரூபா. அவ்வளவு கொடுத்து நேர்மையாக வாங்கும் ஒரு மாணவன், டேட்டா முடிந்தால் விளையாட முடியாது என்றால், அடுத்த முறை எதைத் தெரிவு செய்வான்? திருட்டுப் பிரதி சட்டப்படி குற்றம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருட்களையும் பாதுகாக்கிறது. விலை அதிகம் என்பது களவுக்கு நியாயமாகாது. ஆனால் நேர்மையாளரைச் சலிப்படையச் செய்வது எந்த வியாபாரிக்கும் புத்திசாலித்தனமும் அல்ல.

2024 மார்ச் 31ஆம் திகதி யுபிசொஃப்ட் 'த க்ரூ' விளையாட்டின் சேர்வர்களை மூடியது. ஏறக்குறைய பத்து வருடங்களுக்கு முன் வாங்கியவர்களின் கையில் அன்றோடு ஒன்றுமில்லாமல் போனது. இதனை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் மனு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலையில் 10 இலட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. வாங்குவது உரிமையா, வெறும் அனுமதியா என்பதை விற்கும்போதே சொல்ல வேண்டும் என கலிபோர்னியா 2024இல் சட்டம் இயற்றியது.

இவற்றிலிருந்து மூன்று நியாயமான கோரிக்கைகள் பிறக்கின்றன. பூட்டுப் போடுங்கள், ஆனால் சில மாதங்களில் அகற்றுங்கள். தனியாக விளையாடும் ஒருவரிடம் ஒவ்வொரு முறையும் இணையத்தைக் கேட்காதீர்கள். சேர்வரை மூடும்போது, வாங்கியவர் தொடர்ந்து விளையாட ஒரு வழியை விட்டுச் செல்லுங்கள். கடைக்காரர் தன் கடைக்குப் பூட்டுப் போடலாம். வாடிக்கையாளர் விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோன பொருளுக்கும் சாவியைத் தானே வைத்துக்கொள்வேன் என்பதைத்தான் ஏற்க முடியாது.