கேட்கும் கதைக்குக் குரலே கண்

திருவள்ளுவர் 'கல்வி' என்று ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், 42ஆம் அதிகாரமாகக் 'கேள்வி'யையும் வைத்தார். படிப்பது எவ்வளவு சிறப்போ, கேட்பதும் அவ்வளவு சிறப்பு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். வில்லுப்பாட்டும் கதாகாலட்சேபமும் தெருக்கூத்தும் வளர்ந்த மண் அல்லவா இது! 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியபின், கதையும் நாடகமும் காற்றிலேறி வீட்டுக் கூடத்துக்கே வந்தன. இன்றோ கைப்பேசியில் ஒலிநூல்கள் வந்துவிட்டன. ஒரு நாவல் முழுவதையும் ஒருவர் படிக்க, நாம் கேட்கலாம். ஆயினும் எல்லா ஒலிநூலும் இனிப்பதில்லை. ஒருவர் படித்தால் நேரம் போவதே தெரியாத கதை, இன்னொருவர் படித்தால் கொட்டாவியை வரவழைப்பது ஏன்? இதற்கு விடையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுத் திண்ணையில், என் பாட்டியிடம் கற்றுக்கொண்டேன்.

என் பாட்டி ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். சிறுமியாக இருந்தபோது, 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் மறுபடியும் தொடராக வந்த காலத்தில், எதிர்வீட்டு அக்கா ஒருவர் வாரந்தோறும் அதைத் தெருவிலுள்ளோர்க்கு உரக்கப் படித்துக் காட்டுவாராம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்வார்களாம். பின்னாளில் பாட்டி ஐந்து பாகங்களையும் வாங்கி வைத்துக்கொண்டு தாமே படித்தார். ஆனால் சர்க்கரை நோய் அவருடைய விழித்திரையைக் கெடுத்துவிட்டது. இரண்டு ஆண்டுகளாக எழுத்து தெரிவதில்லை. புத்தகத்தைக் கையில் எடுப்பார், தடவிப் பார்ப்பார், வைத்துவிடுவார். அதைக் காணச் சகியாமல்தான், "நான் படிக்கிறேன் பாட்டி" என்றேன்.

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் பரிசு வாங்கியவள் என்ற கர்வம் எனக்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு குரல் வைத்துக்கொண்டு படித்தேன். ஆழ்வார்க்கடியானுக்கு ஒரு கரகரப்பு, பெரிய பழுவேட்டரையருக்கு ஓர் உறுமல். தஞ்சைக்குப் போகும் வழியில் வந்தியத்தேவன் நந்தினியின் பல்லக்கைச் சந்திக்கும் இடம் வந்தது. நந்தினி சூழ்ச்சிக்காரி என்பதுதான் எனக்குத் தெரியுமே! திரைப்படத்து வில்லி போலக் குரலை வளைத்து, நஞ்சைத் தடவிப் படித்தேன். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். பாட்டியோ கையமர்த்தி, "நிறுத்து கண்ணு" என்றார்.

"அவளை முதல்லயே கெட்டவளாக்கிட்டியே! இப்படிப் பேசினா வந்தியத்தேவன் எப்படி நம்பினான்? அவன் என்ன முட்டாளா? அந்தப் பொண்ணுக்குள்ள ஒரு துக்கம் இருக்கு. அது எனக்குக் கேக்கவே இல்லையே."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆனால் யோசிக்க யோசிக்கப் பாட்டி சொன்னது சரியென்றே பட்டது. வீரபாண்டியன் உயிருக்காகக் கெஞ்சியும், தன் கண்முன்னே அவன் கொல்லப்படுவதைக் கண்டவள் நந்தினி. அந்தத் துயரம் பழிவெறியாக மாறுவதை அமரர் கல்கி ஒரே நாளில் சொல்லவில்லை. 1950 முதல் 1954 வரை வாரம் வாரமாக, திரையைச் சிறிது சிறிதாக விலக்கிக் காட்டினார். நானோ ஒரே குரலில் திரையைக் கிழித்துவிட்டேன்!

கதையை வாசிப்பவர் அதன் முடிவை அறிந்தவர். ஆனால் அறிந்ததைத் தம் குரலில் காட்டிவிடக் கூடாது. பாத்திரம் வளர வளரத்தான் குரலும் வளர வேண்டும். நல்ல ஒலிநூலுக்கு இதுவே முதல் இலக்கணம் என்பது என் தாழ்மையான கருத்து.

மேல்நாட்டாரும் இச்சிக்கலைத் தொடக்கத்திலேயே சந்தித்திருப்பார்கள். இங்கிலாந்தில் 1935ஆம் ஆண்டு, முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களையும் மனத்தில் கொண்டு, 'பேசும் நூல்கள்' இசைத்தட்டுகளாக வெளிவரத் தொடங்கின. முதலில் வந்தவற்றுள் ஒன்று அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்டின் கொலை'. துப்பறியும் கதை! கொலையாளி யார் என்பது படிப்பவருக்குத் தெரியும், கேட்பவருக்குத் தெரியாது. ஓரிடத்தில் குரல் சற்றே தடுமாறினாலும் இரகசியம் போய்விடும் அன்றோ? அதைப் படித்தவருக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

'பொன்னியின் செல்வ'னிலேயே இன்னொருவரைப் பாருங்கள். பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் சேந்தன் அமுதன். அடக்கமானவன், வாளெடுக்கத் தெரியாதவன். இவனைச் சிரிப்புக்குரிய அப்பாவியாகப் படித்துவிடுவது எளிது. கேட்பவரும் சிரிப்பார்கள். ஆனால் கதையின் முடிவில் சோழ நாட்டின் மணிமகுடம் அவன் தலையில் ஏறும்போது யாரும் நம்ப மாட்டார்கள். முதல் நாளிலேயே அந்த மெல்லிய குரலுக்குள் ஒரு நிதானம், ஒரு கம்பீரத்தின் வித்து இருக்க வேண்டும். மரமாவது பிறகு. வித்து முன்பே விழுந்திருக்க வேண்டும்.

ஒருவரே எல்லோருக்காகவும் படிப்பதா, பாத்திரத்துக்கு ஒருவராகப் பலர் படிப்பதா, எது சிறந்தது என்று தோழியர் சிலர் கேட்கலாம். பம்பாய் கண்ணன் அவர்கள் பல கலைஞர்களின் குரல்களைக் கொண்டு 'பொன்னியின் செல்வ'னை ஒலி வடிவில் தந்திருக்கிறார். அப்படிக் கேட்கும்போது யார் பேசுகிறார்கள் என்ற குழப்பமே இல்லை. நம் ஆலயங்களில் பெரிய வெள்ளியன்று திருப்பாடுகளின் வரலாற்றைப் பலர் பங்கிட்டு வாசிக்கும்போது, கூட்டத்தின் கூக்குரலும் இயேசுவின் அமைதியும் தனித்தனியே நெஞ்சில் தைக்கின்றன. ஆகவே பல குரல்களின் சிறப்பை மறுப்பதற்கில்லை.

எனினும் எனக்கு ஒரு கேள்வி. ஊமை ராணி மந்தாகினிக்கு யார் குரல் கொடுப்பது? அவள் பிறவியிலேயே பேசாதவள், கேளாதவள். கதை முழுவதும் ஒரு சொல்லும் பேசாமல், இறுதியில் சுந்தர சோழரைக் காக்கத் தன் உயிரையே கொடுக்கிறாள். எத்தனை நடிகர்கள் இருந்தாலும் அவளுக்கு வசனம் இல்லை. கதை சொல்பவர் ஒருவர்தான் அவளுக்கு வாய். அவளது கைச் சைகையையும் கண்ணின் கலக்கத்தையும் அவர் நிறுத்தி, நிதானித்துச் சொன்னால்தான் அவள் நம் முன் வந்து நிற்பாள். அவசரப்பட்டால் மறைந்தே போவாள். திரைப்படத்தில் நடிகையின் முகம் அவளைக் காட்டிவிடும். மணிரத்னம் அவர்கள் 2022லும் 2023லும் இரண்டு பாகங்களாக எடுத்த படத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஒலிநூலில் முகம் இல்லை. ஆதலால், பல குரல்கள் அணிகலன்கள் என்றால் கதை சொல்பவரின் குரலே உடல் என்பேன். உடல் நலமாக இருந்தால்தானே நகை அழகு தரும்?

கைப்பேசியே எழுத்தைக் குரலாக்கிப் படிக்கும் வசதியும் இப்போது உண்டு. செய்தித்தாளையும் பாடநூலையும் கேட்க, பார்வையற்றோர்க்கு அது பெரிய வரம். அதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் பாட்டிக்கு ஓர் அத்தியாயத்தை அப்படி வைத்துக் காட்டினேன். பூங்குழலி கடலில் தனியே படகு செலுத்தும்போதும், குந்தவை அரண்மனையில் பேசும்போதும் ஒரே தொனி. "இது படிக்குது கண்ணு, ஆனா அதுக்கு யாரையும் தெரியலையே" என்றார் பாட்டி. பாத்திரங்களைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால், மனிதர் படித்தாலும் அதே கதிதான். சிலர் நேரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறார்கள். பாடத்தைத் திருப்பிப் பார்க்க அது உதவலாம். கதைக்கு அது ஆகாது. மௌனமும் கதையின் ஒரு பகுதி அல்லவா?

"காதால் கேட்பது சோம்பேறித்தனம், தானே படிப்பதுதான் அறிவு வளர்ச்சி" என்று பெரியவர்கள் சிலர் கூறுகிறார்கள். அவர்கள் கவலையில் நியாயம் உண்டு. எழுத்துப் பிழையின்றி எழுதக் கண்ணால் படித்தே ஆக வேண்டும். நான் படிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் நல்ல குரலில் கேட்கும்போது லகர, ளகர, ழகர வேறுபாடுகள் காதில் பதிகின்றன. நீ, நீர், தாங்கள் என்று விளிப்பதில் உள்ள மரியாதையின் படிகள் புரிகின்றன. மேலும், பிறருக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் நான் முன்பெல்லாம் எவ்வளவு மேலோட்டமாகப் படித்திருக்கிறேன் என்று உணர்ந்தேன். நந்தினி ஏன் அப்படியானாள் என்று ஒருமுறையேனும் கேட்டிருந்தேனா? இல்லையே! முதல் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். வகுப்பில் புதிதாக வந்த மாணவியைப் பற்றியும் நாம் இப்படித்தான் முதல் நாளிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம், இல்லையா தோழியரே?

மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளுக்கும் பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் பீர்க்கன்கரணை 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. சாலையில் வண்டிகளின் இரைச்சல் ஓய்வதில்லை. ஆனால் வீடுகளுக்குள் பேச்சுத் துணையின்றி இருக்கும் தாத்தா பாட்டிகள் எத்தனை பேர்! வாரம் ஒரு மணி நேரம் மாணவியர் அவர்களுக்குக் கதை படித்துக் காட்டவும், படித்ததைப் பதிவு செய்து கொடுக்கவும் பள்ளியில் ஒரு குழு அமைக்கலாமே. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. ஆகவே அவற்றைப் பதிவு செய்யத் தடையும் இல்லை.

மறுநாள் மாலை அதே பல்லக்குக் காட்சியை மீண்டும் படித்தேன். குரலை வளைக்கவில்லை. தன் துயரத்தை யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பெண் பேசுவதாக மட்டும் எண்ணிக்கொண்டேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. விளக்கேற்றும் நேரம் வந்ததும் நான் புத்தகத்தை மூடினேன். "இன்னும் ஒரு அத்தியாயம் படி கண்ணு" என்றார்.

ஆண்டு விழாப் பரிசைவிட அதுவே எனக்குப் பெரிய பரிசு.

— பத்தாம் வகுப்பு மாணவி, பீர்க்கன்கரணை