சிக்காகோ நகரின் தீ மணி



ஆபத்து என்றால் கோயில் மணியையோ தேவாலய மணியையோ அடித்து அயலைக் கூட்டுவது நாம் அறிந்த வழக்கம். அமெரிக்காவின் சிக்காகோ நகரிலும் அப்படியொரு பெரிய மணி இருந்தது. நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்தில் அது தொங்கியது. அங்கே நிற்கும் காவலாளி தீயைக் கண்டால் கீழே அறிவிப்பார். உடனே மணி அடிக்கும். இடத்தைக் குறிக்கும் இலக்கம் தந்தி மூலம் தீயணைப்பு நிலையங்களுக்குப் போகும்.

1871 ஒக்டோபர் 8, ஞாயிறு இரவு. நெடுநாளாக மழையில்லை, பலத்த காற்று. 9 மணியளவில் கதரின் ஓலியரி என்ற பெண்ணின் மாட்டுக் கொட்டிலில் தீப்பற்றியது. காவலாளி தூரத்தைப் பிழையாகக் கணித்ததால், ஏறக்குறைய ஒரு மைல் தள்ளியிருந்த இடத்தின் இலக்கமே போனது. பிழையை உணர்ந்து அவர் திருத்தச் சொன்னார். குழப்பம் வரும் என்று தந்தியில் இருந்தவர் மறுத்துவிட்டார்.

மர வீடுகள் நிறைந்த நகரம் வேகமாக எரிந்தது. நள்ளிரவு தாண்டி நீதிமன்றத்திலும் தீப்பிடித்தது. கோபுரம் இடிந்து விழும்வரை மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுமார் 300 பேர் இறந்தனர். ஏறக்குறைய 1 இலட்சம் பேர் வீடிழந்தனர்.

பழி யார் தலையில் விழுந்தது? கதரின் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர். பால் விற்றுப் பிழைத்த ஏழைத் தாய். அவருடைய பசு விளக்கை உதைத்துத் தள்ளியதாம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்நேரம் தாம் படுக்கையில் இருந்ததாக அவர் விசாரணையில் சொன்னார். விசாரணையாளர்களாலும் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் பசுவின் கதை பாட்டாகவும் படமாகவும் பரவியது. 1895இல் அவர் அந்தப் பழியோடேயே கண்மூடினார். 1997இல்தான் சிக்காகோ நகரசபை அவரைக் குற்றமற்றவர் என அறிவித்தது.

விழுந்த மணியின் உலோகத்தை உருக்கிச் சின்னச் சின்ன மணிகள் செய்து ஞாபகப் பொருளாக விற்றார்கள். மணியை வீட்டில் பத்திரமாக வைத்தவர்கள், அந்தப் பெண்ணின் சொல்லைக் காதில் வாங்கவில்லை.

சகோதரிகளே, அழிவு வந்தபின் "இவளால்தான் எல்லாம்" என்ற பேச்சு எங்கள் மத்தியிலும் எழுவதுண்டு. துணையில்லாமல் தனித்து வாழும் பெண்ணைத்தான் அது முதலில் சுடும். இனி அப்படியொரு கதை உங்கள் வாசலுக்கு வந்தால், "கண்டது யார்?" என்று ஒரு தடவை கேளுங்கள். அடுத்த வீட்டுக்கு அதைக் கொண்டு போகாதீர்கள்.