கத்திக்கு மட்டும் விலை சொன்னார்கள்

என் மகளின் கன்னத்தில் கத்தி வைத்தவர்களுக்கு முழுச் செலவு எவ்வளவு ஆகும் என்று முன்னமே தெரியும். எனக்குத்தான் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்ல?

கேமரன் மலையில் ரிங்லெட் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துப் பிழைக்கிற குடும்பம் நாங்கள். நடை பழகிய வயதில் கொதிநீர் அவள்மேல் சாய்ந்துவிட்டது. கழுத்துத் தோல் இறுகித் தலையை இழுத்ததை அரசாங்க ஆஸ்பத்திரியில் சரிசெய்தார்கள். கட்டிய பணம் சொற்பம். அந்தக் கைகளுக்கு இன்றைக்கும் கும்பிடு போடுகிறேன். கன்னத்துத் தழும்பு மட்டும் அடங்கவில்லை. தடித்துத் தடித்து, காயம்பட்ட எல்லையைத் தாண்டி வளர்ந்தது. கெலாய்ட் என்றார்கள். நம் போன்ற கறுத்த தோலுக்கு அதிகம் வருமாம். அரிப்பு தாங்காமல் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பாள். உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் வரிசையில் எங்களுக்குப் பின்னிடம். காப்புறுதிக்காரர்களோ, இது அழகுக்காகச் செய்வது, பணம் தர முடியாது என்று கைவிரித்தார்கள். நேர்முகத் தேர்வில் துப்பட்டாவால் கன்னத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே ஒரு பெண், அவள் கேட்பது அழகையா?

விசாரிக்காமல் போய் மாட்டிக்கொண்டோம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். தாப்பா ரோட்டில் மலையிறங்கி, கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினோம். ஃபேஸ்புக்கில் முன்னால் இப்படி, பின்னால் இப்படி என்று முகம் முகமாகப் போடுகிறார்கள். விலைக்கு மட்டும் ‘பி.எம். பண்ணவும்’. பண்ணினால், ‘நேரில் வாங்க’. நேரில் போனால் முதலில் ஆலோசனைக் கட்டணம். அதைக் கட்டிவிட்டுக் கேட்டால், “டாக்டர் பார்த்துத்தான் சொல்வாரு அக்கா.”

டாக்டர் பார்த்தார். ஒரு தாளில் நாலாயிரம் வெள்ளி என்று எழுதினார். “வேற செலவு வருமாங்க டாக்டர்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். “அதெல்லாம் பாத்துக்கலாம்” என்றார். 2025 பிப்ரவரியில்தான் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி ஆனது. அந்த நாலாயிரத்துக்கு இ.பி.எஃப். சேமநிதியின் மூன்றாம் கணக்கை வழித்தெடுத்தோம். போதவில்லை. என் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது.

கெலாய்டை வெட்டி எடுத்தால் மட்டும் போகாது. வெட்டிய இடத்திலேயே முன்னைவிடப் பெரிதாக வளரக்கூடியது அது. அதனால்தான் பிறகும் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கோன் தாள், சிலருக்குக் கதிர்வீச்சு என்று தொடர வேண்டியிருக்கிறது. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. எங்களுக்குத் தையல் பிரித்த அன்றைக்குத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் தனிப் பணம். அறைக்கு, மருந்துக்கு, மயக்கம் கொடுத்தவருக்கு என்று பில் ஏற்கெனவே இரட்டிப்பாகியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “எஸ்டேட் ஆளுங்க இப்படித்தான் காசு காசா கணக்குப் பாப்பாங்க” என்று கவுண்டரில் இருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஆமாம், பார்ப்போம். ஒவ்வொரு காசும் கூடை கூடையாகக் கொழுந்து எடுத்துச் சேர்த்தது.

பணம் தீர்ந்தது. ஊசி நின்றது. தழும்பு திரும்ப வளர்ந்தது, முன்னைவிடப் பெரிதாக.

நோயாளி கேட்டால் உத்தேசச் செலவைச் சொல்ல வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழுள்ள விதிமுறைகளே சொல்கின்றனவாம். நாங்கள் கேட்டோமே! டாக்டர் நிபுணர்தானா என்று பார்க்கத் தேசிய நிபுணர் பதிவேடு இருக்கிறது; பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். செலவைப் பார்க்க அப்படியொரு பதிவேடு எங்கே? 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்தின் விலையை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று அரசாங்கம் கட்டளை போட்டது. பனடோலுக்கு விலை தெரிய வேண்டும், பெண்ணின் கன்னத்தைக் கிழிப்பதற்குத் தெரிய வேண்டாமா?

2020 அக்டோபரில் கோலாலம்பூர் சேராஸில், அனுமதியில்லாத அழகு நிலையமொன்றில் கொழுப்பு நீக்கப் போன 23 வயது மாடல் அழகி செத்துப்போனாள். அழகு ஆசை, அதனால் வந்த வினை என்று செத்தவளையே ஏசினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. முறையான இடங்கள் இப்படி விலையை ஒளித்துவைத்தால், கையில் கொஞ்சம் காசு உள்ள பிள்ளைகள், வெளிப்படையாக விலை சொல்லிக் கூப்பிடுகிற கள்ளக் கடைக்குத்தானே போவார்கள்?

பில், அடகுச் சீட்டு, மகளின் படம் எல்லாவற்றையும் வைத்துச் சுகாதார அமைச்சுக்கு எழுதிவிட்டேன். அங்கிருந்து என்ன பதில் வந்தாலும், டாக்டர், உங்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. நாலாயிரம் என்று எழுதினீர்களே, அதற்குக் கீழே ஊசிக்கு இவ்வளவு, தாளுக்கு இவ்வளவு, இது திரும்ப வளரலாம் என்று இன்னும் மூன்று வரி எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எழுதியிருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே மலையேறியிருப்போம். அது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதவில்லை.