பக்கவாத்தியம் முன்வந்த கதை

வயலின் வித்துவான் எல். சுப்பிரமணியத்திற்கு 2025 ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அவர் இளமையில் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில் என்பதை ஹற்றன், நுவரெலியாப் பகுதி மாணவர் பலர் அறியார்.

அவர் தந்தையார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். அக்காலத்து இரசிகர்க்கு வாய்ப்பாட்டே கச்சேரி. வயலின் அதன் நிழல். (பக்கவாத்தியத்தை நாம் இழிவாகக் கருதவில்லை, செம்மையாகப் பின்தொடர்வதும் பெருங்கலையே.) வயலின் தனித்து நின்று ஒரு கச்சேரியைத் தாங்கவல்லது என்பதில் அவர் உறுதியாயிருந்தார். வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகிய மைந்தர் மூவரையும் அவரே பயிற்றினார். 1958 இனக் கலவரத்தின் பின் அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. 1964 ஒப்பந்தத்தின்பின் உற்றாரைத் தலைமன்னாரில் வழியனுப்பிய மலையகத்தார்க்கு அத்துயரை நாம் விளக்க வேண்டுவதில்லை.

பின்னர், பாடகரே இல்லாத மேடையில் சகோதரர் மூவரும் மூன்று வயலின்களுடன் அமர்ந்தனர். மேல்நாட்டார் சேம்பர் இசை என்பதற்கு இது நெருங்கிய உறவு. ஆயினும் அங்கே ஒவ்வொருவர் வாசிக்க வேண்டியதும் பெரும்பாலும் முன்னரே எழுதப்பட்டிருக்கும்; நம் ஆலாபனையும் கற்பனை ஸ்வரமும் மேடையிலேயே பிறக்கின்றன. சுப்பிரமணியம் இவ்விரு நெறிகளையும் கற்றவர். சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றபின் கலிபோர்னியாவில் மேல்நாட்டு இசை பயின்றார். யெஹூதி மெனுஹின் அவருடன் வாசித்தார். 1985 இல் ஸுபின் மேத்தாவின் தலைமையில் நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழுவினர் அவர் இயற்றிய இசையை அரங்கேற்றினர்.

இத்தகைய பெரும் பெயர்களைக் கண்டபின்பே நம்மவர் கைதட்டுகின்றனர் என்பது நம் மனக்குறை. இன்னொன்றும் உண்டு. புகழ்வோர் பலர் அவருடைய வேகத்தையே வியக்கின்றனர். தப்பொலியும் காமன் கூத்தும் கேட்டு வளர்ந்த நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் வேகமே முதலில் பிடிக்கும், அதில் தவறில்லை. ஆனால் தனி வாசிப்பின் உண்மைச் சோதனை விளம்பத்திலேதான். நம் வித்துவான் தரையில் அமர்ந்து, வயலினின் தலையைப் பாதத்திலும் அடியை மார்பிலும் சார்த்துகிறார். கருவியைத் தாங்கும் சுமை நீங்கிய இடக்கை தந்தியின்மீது வழுக்கி ஓடுகிறது. கமகம் பிறப்பது அவ்வோட்டத்தில்.

வீட்டிலே ஒரு மாலை, அவருடைய ஆலாபனை ஒன்றை முதலிற் கேளுங்கள்; பின்னர் சகோதரர் சேர்ந்து வாசித்ததைக் கேளுங்கள். ஒருவர் மற்றவர்க்கு எங்கே வழிவிடுகிறார் என்று கவனியுங்கள். விடாத இடங்களும் இருக்கலாம்; அவற்றையும் கவனியுங்கள்.