கணக்கெடுப்பவருக்கும் ஊதியம் வேண்டும்

சுற்றுச்சூழல் அறிவியல் படித்தால் வேலை எங்கே என்று கேட்கும் மதுரை இளைஞர்களுக்கு நான் அரிட்டாபட்டியைச் சுட்டிக்காட்டுவேன். மேலூர் அருகேயுள்ள அக்குன்றுகளும் சுனைகளும் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. அங்கே சுமார் 250 பறவையினங்கள் பதிவாகியுள்ளன. ஈராண்டில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது, மக்கள் போராட்டத்துக்கு இத்தகைய பதிவுகளும் வலுச்சேர்த்தன; 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

ஆனால், கணக்கெடுப்பு இன்னும் பெரும்பாலும் ஆர்வலர்களின் ஓய்வுநேரப் பணியாகவே இருக்கிறது. உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டுச் சட்டம். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அக்குழுவின் கடமை. ஒன்றியத்துக்கு ஒரு பட்டதாரியையாவது அரசு இப்பணியில் ஊதியத்துடன் அமர்த்த வேண்டும். அடுத்த ஏலம் வரும்போது ஆவணம் கையில் இருக்கும். இளைஞர்களே, அதுவரை காத்திராமல் உங்கள் ஊர்க் கண்மாயிலிருந்து தொடங்குங்கள்.